பழைய எண் 206, புதிய எண் 9

நான் போட்ட கடிதம் வந்து சேரவில்லை என்று என்னிடமே சொன்னவள் உலகத்தில் ஒருத்திதான். அவளைப் பார்க்கத்தான் கண்டிக்குப் போனேன்.

துறையூருக்குப் பக்கத்தில் ஒரு கிளைத் தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். முத்திரை குத்திக் குத்தி என் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இலங்கைத் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று எங்கள் பக்கம் வந்தது. முகவரியில் "தபால் அதிகாரி அவர்கள், துறையூர்ப் பக்கம்" என்று மட்டும் இருந்தது. பெரிய ஆபீசில் சிரித்துவிட்டு அதை என் பையில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

எழுதியவள் பெயர் சரோஜா. கண்டி மாவட்டத்தில் பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பவள். அவளுடைய பூட்டன் எங்கள் பக்கத்திலிருந்து போனவராம். ஊர்ப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லையாம். வீட்டுக்கு முன்னால் புளியமரம் இருந்ததாம். சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். புளியமரம் இல்லாத தெரு எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது? இருந்தாலும் ஏழு ஊர் அலைந்தேன். ஒருவரும் அகப்படவில்லை. அதைப் பக்குவமாக எழுதிப் போட்டேன். பதில் இல்லை. கிடைத்ததா என்று இரண்டாவது கடிதம் போட்டேன். அதற்கும் இல்லை. மூன்றாவது கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் திட்டியிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்.

அப்புறம் ஒரு வருடம் கழித்து அவளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. "இல்லை என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்று அவள் என்னைத் திட்டியிருந்தாள். கீழே போன் நம்பர். உடனே கூப்பிட்டேன்.

"மூணு லெட்டர் போட்டேன்டி பாவி."

"ஒண்ணுகூட வரலையே அக்கா."

மலை முழுக்க இருக்கிற வீடுகளுக்கு ஒரே முகவரிதானாம், தோட்டத்து ஆபீஸ். கடிதமெல்லாம் ஒரு பையில் அங்கே போகும். யாராவது கேட்டால் தேடிக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் கிடக்கும். "இப்ப வீட்டுக்கு வீடு நம்பர் வாங்குறதுக்கு நாங்க சில பொம்பளைங்க அலைஞ்சுக்கிட்டிருக்கோம். நீங்க தபால்காரங்க. நம்பர் பலகை அடிக்கிறப்ப வந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே பாதி தூரம் வந்தேன். உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பெண் ஒன்றும் பேசாமல் என் பையைப் பிடுங்கினாள். திருடுகிறாளோ என்று ஒரு கணம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். எங்கள் ஊரில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்போம், இவர்கள் இடத்திலிருந்து பையைப் பிடிக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டில் சரோஜா நின்றாள். முப்பத்து நாலு வயது, ஒல்லி, கையில் குடை. "வாங்க அக்கா, பயணம் சொகமா?" என்று கேட்டுவிட்டு என் தோளைப் பார்த்தாள். "பை கனமா? ஒரு பக்கமா சாஞ்சிருக்கீங்க." அது பிறவியில்லை, தொழில் என்றேன்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறும், பருப்பும், பலாக்கொட்டைக் கறியும், வல்லாரைச் சம்பலும் வைத்தார்கள். எதைத் தொட்டாலும் தேங்காய்ப்பால். ரசம் கேட்டேன். பரிமாறியவர் காய்ச்சலா என்று விசாரித்தார். அந்த ஊரில் ரசம் மருந்துக் கணக்கில் சேர்த்தி போலிருக்கிறது. வல்லாரைச் சம்பலை மட்டும் மூன்று தரம் வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் நடக்கும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். உயர்தரம், அதாவது நம் பிளஸ் டூ, பாஸ் பண்ணியவள். கண்டியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த ஒருவர் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குத் தேவைப்பட்டார். தமிழில் மனு எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் தமிழிலேயே பேசி வாங்கிக்கொள்கிற வேலை. போன தடவை விண்ணப்பித்தபோது நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, தேதி போய் ஒன்பது நாள் கழித்துக் கைக்கு வந்தது.

"இந்தத் தடவையும் போட்டிருக்கேன் அக்கா. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் எடுப்பாங்க. எனக்கு இது கடைசி. அடுத்த மாசத்துக்குள்ள லெட்டர் வரணும். அது அந்தப் பைக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான்."

"கடை அட்ரஸ் குடுத்திருக்கலாமே?"

"குடியிருக்கிற எடத்தத்தான் குடுக்கணுமாம். கிராம அதிகாரி கையெழுத்து வேணும்."

தபால் கந்தோர்க்காரர்கள் கடைசியில் ஒரு வழிக்கு வந்திருந்தார்கள். கந்தோர் என்றால் அங்கே ஆபீஸ். ஒவ்வொரு கதவிலும் எண் இருக்க வேண்டும். எண்ணும் பெயரும் போட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கடிதம் என்று இவர்களே பெட்டியில் போட வேண்டும், வெள்ளிக்கிழமை தபால்காரர் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்துப் பார்ப்பார். போட்ட கடிதமெல்லாம் அந்தந்தக் கதவுக்குப் போய்விட்டால், அன்றிலிருந்து பட்டியலில் இருக்கிற பெயருக்கு வருகிற கடிதங்களைப் பையிலிருந்து எடுத்துத் தனியாகக் கொண்டுவந்து தருவார்கள்.

திங்கட்கிழமை சரோஜா என்னை அலவத்துகொடவில், அவளோடு அலைகிற ரிஹானாவின் வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். மாத்தளை பஸ் அக்குறணையில் டயர் பஞ்சராகி நின்றதில் கொஞ்சம் தாமதம். ரிஹானாவுக்கு என் வயதிருக்கும். அவளுடைய அண்ணன் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையில் மிஞ்சிய தகரத் துண்டுகளை வெட்டி, நீல பெயின்ட் அடித்து, வெள்ளையில் எண் எழுதி முற்றத்தில் காயப்போட்டிருந்தாள்.

"இரிங்க ராத்தா, தேத்தண்ணி ஊத்துறன்" என்றாள். ராத்தா என்றால் அக்கா. கருப்பட்டித் துண்டைக் கையில் கொடுத்து, வெறுந்தேநீரைக் குடித்துக்கொண்டே கடிக்கச் சொன்னாள். நான் இரண்டையும் கலந்துவிட்டேன். அவள் இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்தாள்.

அங்கே குமாரி என்கிற சிங்களப் பெண்ணும் இருந்தாள். கண்டியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. சில வருடத்துக்கு முன்னால் முஸ்லிம் கடைகளைக் கொளுத்திய கலவரத்தில் ரிஹானாவின் அண்ணன் கடையையும் எரித்தபோது, மிச்சத்தையும் எரித்துவிடக் கூடாதென்று இந்தக் குமாரி கடை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாளாம். அதே வாரம் தோட்டத்திலிருந்து சரோஜாவும் நாலைந்து பெண்களும் அரிசியும் போர்வையும் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். மூவரும் பழகியது அப்படித்தான்.

"பொறகு எண்ட மகள்ட கலியாணத்துக்கு சரோஜாவுக்கு கார்ட் அனுப்பின" என்றாள் ரிஹானா. "கலியாணம் முடிஞ்சி மூணு கிழமைக்குப் பொறகுதான் அவள்ட கைக்குப் போயீக்குது. வரல்லயேன்டு நான் அவளோட பேசாம ஈந்த. போன்ல சொல்லியா கலியாணத்துக்குக் கூப்பிடுற?"

கிழமை என்றால் அங்கே வாரம். நான் சரோஜாவைத் திட்டினேன், சரோஜா என்னைத் திட்டினாள், ரிஹானா பேசாமல் இருந்தாள். ஒரு தப்பும் செய்யாத மூன்று பெண்கள். ஒரு முகவரி இல்லாதது மனுஷரை என்ன பாடு படுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் இவர்கள் அலைய ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் குமாரி சிங்களத்தில் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு கந்தோர் கந்தோராகப் போவார்களாம். இவர் அவரைக் கேளுங்கள் என்பார், அவர் இவரைக் கேளுங்கள் என்பார். கத்துவதில்லை, கொடி பிடிப்பதில்லை. மூன்று பேரும் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றுப் பார்சலை அங்கேயே பிரித்துச் சாப்பிடுவார்களாம். கருவாட்டு வாசம் தாங்காமல்தான் கந்தோர்க்காரர் ஒத்துக்கொண்டார் என்று குமாரி சொல்ல, ரிஹானா எனக்குத் தமிழில் சொன்னாள்.

அன்று முழுக்க வெள்ளிக்கிழமைக்கான கடிதங்களை எழுதினார்கள். குமாரி ஒன்றில் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். "போன வருடம் வந்தபோது உங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை என் மடியில் படுத்தது. அது சுகமா?" இதுதான் முழுக் கடிதமும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அறிவிப்பும் நோட்டீசும் கட்டுக் கட்டாகப் பார்த்துப் பழகியவளுக்குப் பூனையை நலம் விசாரிக்கிற கடிதத்தைத் தாங்க முடியவில்லை.

காய்ந்த பலகைகளைப் பார்த்தேன். 417, 88, 206, 351. இவர்கள் லயம் என்கிற வரிசைவீடு பெரிது போலிருக்கிறது, நானூறு வீட்டுக்கு மேல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடிதத்தை எண்ணினேன், பதினைந்து. பலகையை எண்ணினேன், அதுவும் பதினைந்து. சரியாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருட அனுபவம் அங்கே ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து சரோஜா லீவு போட்டாள். பன்வில பஸ்ஸில் போய், அடிவாரத்துத் தபால் கந்தோர்ப் பெட்டியில் பதினைந்து கடிதத்தையும் போட்டுவிட்டு, த்ரீவீலரில் மலை ஏறினோம். பாதி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, எங்களையும் இறக்கி, சிங்களத்தில் ஏதோ சொன்னார். "பலகைங்கள மட்டும் நான் கொண்டுவர்றேன், நீங்க நடந்து வாங்கன்னு சொல்றாரு" என்றாள் சரோஜா. சாமானுக்கு உள்ள மரியாதை மனுஷருக்கு இல்லை. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் கொழுந்துக் கூடையோடு பெண்கள். ஒவ்வொருத்தியும் நின்று, "இந்தியாவுலேர்ந்து வந்த தபால்காரம்மாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டாள்.

லயம் என்றால் ஒரே நீளக் கட்டடம். ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு காம்பரா, அதுதான் ஒரு குடும்பம். எண்ணிப் பார்த்தேன். பதினாறு கதவு.

"மிச்ச நானூறு எங்கடி?"

அவளுக்குப் புரியவில்லை. பலகைகளைப் பிரித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மாறிவிட்டது.

பட்டியலை எழுதி ரிஹானாவிடமும் தபால் கந்தோரிலும் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பார்வதி. வேலை முடிந்து நாலரைக்கு வந்ததும் கூப்பிட்டுக் கேட்டோம். பார்வதி கூடையை இறக்கிவிட்டு, "வீட்டுக்கு வீடு நம்பர் கேட்டு எழுதுன்னு நீதான சொன்ன. கேட்டேன், சொன்னாங்க, எழுதினேன்" என்றாள்.

அவர்கள் சொன்னது பேர் நம்பர். காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கூப்பிடுகிற நம்பர். தோட்டத்துப் புத்தகத்தில் அவரவர் பெயருக்கு எதிரே இருப்பது. நம்பர் என்று கேட்டால் அந்த மனுஷர்களுக்கு அது ஒன்றுதான் ஞாபகம் வரும். வேறு எதற்கும் யாரும் அவர்களுக்கு நம்பர் கொடுத்ததில்லை. ரிஹானா கொடுத்ததை எழுதினாள். குமாரியோ தோட்டத்துக்கென்று ஏதோ கணக்கு இருக்கும் என்று விட்டுவிட்டாள். நானும் பார்த்தேன், நானும் விட்டேன்.

சரோஜா தோட்டத்தில் வேலை செய்யவில்லை. அவளுக்கு நம்பர் கிடையாது. அவளுடைய அப்பா முத்தையா முப்பத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் அவர் நம்பரைப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் நாலு கதவு தள்ளி இருக்கிறாள். பலகை 206 அவளுடையது. யார் அலைந்து இத்தனையும் நடந்ததோ அவளுடைய கதவுக்குப் பலகையும் இல்லை, கடிதமும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை.

குழாயடியில் எல்லோரும் கூடினார்கள். சரோஜாதான் முதலில் பேசினாள். "இருக்கட்டும். லெட்டரெல்லாம் இந்த நம்பருக்குத்தான் போட்டாச்சு. இதையே அடிப்போம். வெள்ளிக்கிழமை ஒழுங்கா முடியட்டும். எம்பேர அப்புறம் சேத்துக்கலாம்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் குடைக் கம்பியை வளைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாருக்கு" என்றாள் பார்வதி. "லிஸ்ட்ட ஒட்டிட்டா அப்புறம் உன் பேர சேக்க இன்னும் எத்தன செவ்வாக்கிழம போவணும்? அதுக்குள்ள உன் லெட்டர் பைக்குள்ள போயிரும்."

"இப்ப மாத்தினா போட்ட லெட்டரு ஒண்ணும் சேராது. பரிட்சையே பெயிலாயிரும்" என்றார் கோவில் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொன்னதும் நியாயம்தான். இன்னொரு பெண், "எங்க நம்பர ஏன் அழிக்கணும், அதுலதான எங்க உழைப்பு இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். நான் தண்ணீர்க் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியூர்க்காரி, வாயைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

பார்வதி 417 பலகையைக் கையில் எடுத்தாள். "இது எனக்கு ஆபீஸ் குடுத்தது. நாளைக்கு எனக்கு முட்டி வலிச்சு நின்னுட்டேன்னா வாங்கிக்குவாங்க. அப்ப எங்கதவு மொட்டையா நிக்கும். சரோஜா கதவு இன்னைக்கு நிக்குது, எங்கது நாளைக்கு. எனக்கு ஆளு நம்பர் வேணாம், வீட்டு நம்பர் வேணும்." பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கேயும் ரிஹானா நீலம் அடித்திருந்தாள். துருப் பிடிக்கக் கூடாதென்று.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு கதவுக்கு இரண்டு எண் இருக்கும். பழைய எண் இது, புதிய எண் அது. அந்த இரண்டு எண்ணையும் நான் இருபத்திரண்டு வருடமாகச் சபித்திருக்கிறேன். "ஒரு தாள் குடுங்க" என்றேன். "பழைய எண், புதிய எண், வீட்டிலிருக்கிறவங்க பேரு. மூணு வரிசையா எழுதிக் குடுத்திடலாம். லெட்டர்ல பழைய எண் இருந்தா என்ன, தபால்காரர் தாளைப் பாத்துப் புது எண்ணுக்குக் கொண்டுவரட்டும். எங்க ஊர்ல தினமும் இந்தக் கூத்துதான்."

அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று ஒரு சண்டை. கோவில் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று ஆறு வீடு, ரோட்டுப் பக்கத்திலிருந்து என்று மீதி. "எந்தப் பக்கம் எண்ணினாலும் நான் நடுவுலதான்" என்று சரோஜா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான். தபால்காரர் ரோட்டிலிருந்து வருவதால் ரோடே ஜெயித்தது. சரோஜா வீடு ஒன்பது.

அவள் வீட்டில் உட்கார்ந்து தாளை எழுதினேன். பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். ஒன்பதாவது வரியில் பழைய எண்ணுக்கு நேரே "இல்லை" என்று எழுதப் போனேன். முத்தையா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைன்னு போடாதீங்கம்மா. எரநூத்தி ஆறுன்னு எழுதுங்க. எழுதி, மேல ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க. இருந்துச்சு, இப்ப இல்லன்னு தெரியட்டும்."

அப்படியே எழுதி, அப்படியே அடித்தேன். கோடு கொஞ்சம் கோணல்தான்.

புதன்கிழமை குமாரி கண்டியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். மூவரும் தபால் கந்தோருக்குப் போனோம். அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, பட்டியலை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து வரும், வெள்ளிக்கிழமை ஆகாது என்றார். சரோஜா எனக்குச் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது. நான் என் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். என் ஊரில் எல்லாக் கதவுக்கும் இரண்டு நம்பர், அதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் தபால் கொடுக்கிறோம் என்று சொல்லச் சொன்னேன்.

அவர் அட்டையைப் படித்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டார். "ரெண்டு நம்பர வச்சுக்கிட்டு எப்பிடிக் கொண்டுபோறீங்கன்னு கேக்குறாரு" என்றாள் சரோஜா.

"திட்டிக்கிட்டே கொண்டுபோவோம்னு சொல்லு."

அவர் சிரித்துவிட்டார். எழுந்து முத்திரையை எடுத்தார். அப்போது பார்த்தேன், அவருக்கும் வலது தோள் இறங்கியிருந்தது. அவரும் என்னுடையதைப் பார்த்தார். தாளின் கீழே முத்திரை விழுந்த சத்தம் எனக்கு ரொம்பப் பழக்கமான சத்தம். அங்கேயே தபால்தலை வாங்கி, பதினாறாவது கடிதத்தைச் சரோஜா பெயருக்கு எழுதிப் பெட்டியில் போட்டேன்.

வியாழக்கிழமை மழை. பலகைகளைத் திருப்பிப் பின்பக்கத்தில் புது எண் எழுதி, சரோஜா கதவுக்குப் புதிதாக ஒரு தகரத் துண்டும் சேர்த்து, அடித்தோம். சுவரில் ஆணி அடிக்க ஆபீஸ் விடாது, சுவர் தோட்டத்துடையது. கதவு அவரவர் சொந்தக் காசில் போட்டது. அதனால் கதவில் அடித்தோம். ஒரு கதவில் ஆணி உள்ளே புகுந்து, மறுபக்கம் மாட்டியிருந்த சாமி படம் கீழே விழுந்தது. யாருக்கும் அடியில்லை, சாமி உட்பட.

வெள்ளிக்கிழமை காலையில் ரிஹானா ஒரு பெரிய பாத்திரம் வட்டிலப்பம் என்கிற தேங்காய்ப்பால் இனிப்போடு வந்துவிட்டாள். பார்வதி அரை நாள் வேலையை விட்டுவிட்டு நின்றாள். பதினொரு மணிக்குத் தபால்காரர் மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்து வந்தார். கையில் என் தாள். ஒன்றாம் கதவு, இரண்டாம் கதவு என்று தட்டிக்கொண்டே வந்தார். யாரும் முன்னால் ஓடிப்போய் வாங்கக் கூடாது என்று சரோஜா சொல்லிவைத்திருந்தாள். ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழாவது வீட்டுப் பெண் கடிதத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உள்ளே போய் வெள்ளைப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து குமாரியிடம் கொடுத்தாள்.

ஒன்பதாவது கதவு. தபால்காரர் தாளைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். "முத்தையா சரோஜா" என்று முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டார். அவள் உள்ளேதான் நின்றாள். ஆனாலும் கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு "ஸ்தூதி" என்றாள். நன்றி. கடைசிக் கதவு வரைக்கும் ஒன்றுகூடத் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பினேன். ஐந்து வாரம் கழித்து, காலையில் பை பிரிக்கும்போது இலங்கைத் தபால்தலை தெரிந்தது. கவரின் பின்னால் அனுப்புநர் முகவரி எழுதியிருந்தாள். இலக்கம் 9 என்று பெரிதாக, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பேனாவை ஓட்டி எழுதியிருந்தாள். முன்னால் மூன்று பேர் மணியார்டருக்கு நின்றார்கள். இருங்கள் என்று சொல்லிவிட்டுப் படித்தேன்.

"அக்கா, லெட்டர் வந்துருச்சு. நேர்முகத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. அப்பாதான் கதவத் தொறந்து வாங்குனாரு. நான் கடையிலேர்ந்து வர்ற வரைக்கும் மடியிலயே வச்சிருந்தாராம். வேலை கிடைக்குமோ என்னவோ தெரியாது. போறதுக்காவது போறேன்.

"இன்னொண்ணு. தோட்டத்து ஆபீஸ்ல அலுமாரி ஒழிச்சாங்க. நீங்க போட்ட மூணு லெட்டரும் அதுக்குள்ள இருந்துச்சு. கிளார்க் எடுத்து எங்கையில குடுத்தாரு. நான் பிரிக்கல. பழைய அட்ரஸ அடிச்சிட்டு, இலக்கம் ஒம்பதுன்னு எழுதி, அடிவாரத்துப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டேன். நாளைக்கோ மறுநாளோ கொண்டுவருவாங்க. மூணாவதுல என்னைத் திட்டியிருப்பீங்கன்னு தெரியும், கவருலயே பேனா அழுந்திக் கிழிஞ்சிருக்கு. பரவாயில்ல அக்கா. வாசலுக்கு வரட்டும்."